வலிக்காரர் மனைவியின் கால்

லாரி ஓட்டுநரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர் பொத்தானை அமுக்கவில்லை.

அவருடைய முன்கையில் நாணய அளவுக்குச் சிவந்திருந்த இடத்தின் மேல் ஒரு சின்ன உலோகத் தகடு பட்டை போட்டுக் கட்டப்பட்டிருந்தது. தகடு மெல்ல மெல்லச் சூடேறும். அந்தச் சூடு எப்போது வலியாக மாறுகிறதோ, அப்போது மறுகையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கியதும் தகடு குளிர்ந்துவிடும். ஆய்வுக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். ஓட்டுநரோ பல்லைக் கடித்துக்கொண்டு கூரையை முறைத்துப் பார்த்தார். தகடு தானாகவே நின்றுவிடும் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், போனால் போகிறது என்பதுபோல் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"எவ்வளவு வலிச்சுது? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார் எதிரே உட்கார்ந்திருந்தவர்.

"வலியா? சேச்சே. லேசா எறும்பு கடிச்ச மாதிரி. ஒண்ணுன்னு போட்டுக்கங்கண்ணே."

"ஒண்ணு," என்று திருப்பிச் சொல்லிவிட்டு அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற இளம் நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பிரிவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயருக்கு அவள் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. "எறும்பு கடிச்சா இப்படி ஆறா ஓடும்? அது என்னண்ணே எறும்பு, தும்பிக்கை வச்ச எறும்பா?"

"கண்ணுல தூசிம்மா."

"ஜன்னலே இல்லாத ரூம்ல தூசி. சரி சரி, இந்தாங்க, தூசியத் துடைச்சுக்கங்க."

ஓட்டுநர் போன பிறகு அவள் விடவில்லை. "சார், அந்த ஆளுக்கு ஏழாவது இருந்திருக்கும். நீங்க பாட்டுக்கு ஒண்ணுன்னு எழுதிட்டீங்க."

"அவர் ஒண்ணுன்னுதானே சொன்னார்?"

"கண்ணுல தண்ணி வந்துச்சே சார், பாக்கலையா?"

"தண்ணிய நீ பார்த்த. வலியப் பார்த்தியா?"

வாயாடி தகட்டை எடுத்து, வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தாள்.

அந்தப் பெரிய மருத்துவமனையின் தோல் நோய்க் கட்டடத்தில், நடைபாதையின் கடைசியில் இருந்த அந்த அறையில்தான் அவர் தன் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். வருகிறவர்களிடம் வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பது அவர் வேலை. அதனால் வலிக்காரர் என்று பெயர் வந்துவிட்டது. கேட்பதற்கு என்ன படிப்பு வேண்டும் என்று நினைக்கலாம். ஆனால் "ரொம்ப வலிச்சுதா?" என்று இரக்கமாகக் கேட்டால் ஆளுக்கு வலி கூடிவிடும். "வலி இல்லையே?" என்று கேட்டால் குறைந்துவிடும். ஆகவே எல்லோரிடமும் ஒரே குரலில், கூட்டவும் குறைக்கவும் இடம் தராமல் கேட்க வேண்டும். அந்தக் குரலை அவர் பழகிப் பழகி, கடையில் போய்ச் சோப்பு கேட்டாலும் அதே குரலில்தான் கேட்டார்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. வாய் சொல்வதைத்தான் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை எழுதக் கூடாது. முகம் சுளிக்கலாம், கால் விரல் சுருங்கலாம், வியர்க்கலாம். அதெல்லாம் பார்க்கிறவனின் கணக்கு, படுகிறவனுடையது அல்ல. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிற பழமொழியை எல்லோரும் இடித்துக் காட்டுவதற்குச் சொல்வார்கள். வலிக்காரர் அதை ஓர் அறிவாகவே எடுத்துக்கொண்டார். இன்னொருவர் வலி நமக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததுபோல் நடந்துகொள்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை. இதில் ஒரு பணிவு இருக்கிறது என்பது உண்மைதான். பணிவு சில நேரம் சோம்பேறிக்கும் வசதியாக இருக்கும் என்பதும் உண்மை.

அந்த வருடம் அந்த அறைக்கு ஒரு ஜெல் வந்திருந்தது. மார்ஃபின் கலந்தது. ஊசியாகவும் மாத்திரையாகவும் உடம்பு முழுக்கப் போய் மூளையில் வலியை அடக்குகிற அதே மருந்து. அதைத் தோலில் தடவினால் தடவிய இடத்தில் மட்டும் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. ஒரு குழாயில் மருந்து கலந்த ஜெல், இன்னொன்றில் வெறும் ஜெல். நிறமும் பிசுபிசுப்பும் ஒன்றே. எது எது என்று தடவுகிறவருக்கும் தெரியாது, தடவிக்கொள்கிறவருக்கும் தெரியாது.

முதலில் நல்ல தோலில்தான் பார்த்தார்கள். வலிக்காரரே கையை நீட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு குழாயும் ஒன்றுதான். "தண்ணியத் தடவின மாதிரி இருக்கு டாக்டரம்மா. இது தேறாது," என்றார்.

பெரிய டாக்டர் நிதானமான பெண்மணி. கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகுதான் பதில் வரும். "நல்ல தோல்ல இது தேறாதுதான். அங்க இந்த மருந்து உள்ள நுழையக் கதவே இல்ல. தோல் வெந்து, சிவந்து, வீங்கினா மட்டும் நரம்பு நுனியில கதவு முளைக்குது. வீட்டுல தீப்பிடிச்சாத்தானே தீயணைக்கிறவனுக்குக் கதவு திறப்போம்?"

அதனால்தான் விளக்கு. ஆய்வுக்கு வருகிறவர்களின் கையில் புற ஊதா வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் அடித்தால், மறுநாள் வெயிலில் வெந்ததுபோல் அந்த இடம் மட்டும் சிவந்து கொதிக்கும். அந்தச் சிவப்பின் மேல் ஜெல், அதன் மேல் மெல்லிய ஒட்டுத்தாள், பிறகு சூடேறும் தகடு. லாரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தது அந்த வரிசையில்தான். வாரங்கள் போகப் போக, சிவந்த தோலில் இரண்டு குழாய்க்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. வலிக்காரர் தன் வாயால் தேறாது என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொல்லவும் இல்லை.

வீட்டில் அவருக்கு இன்னொரு சிவப்பு இருந்தது.

அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். காலையிலிருந்து மாலைவரை நின்றே செய்யும் வேலை. கடைக்காரர் ஒரு நாற்காலி போட்டுத்தான் வைத்திருந்தார். அதில் துணி மூட்டை உட்கார்ந்திருக்கும். நின்று நின்று காலில் ரத்தக் குழாய்கள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டன. ஒரு நாள் கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் சின்னதாகத் தோல் உடைந்தது. உடைந்தது ஆறவில்லை. ஆறுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடி உடையும். உள்ளங்கை அகலத்துக்கு வந்து, அதைச் சுற்றிச் சிவந்து கன்றிய தோலோடு அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. அவள் வேலையை விட்டாள்.

தினமும் மாலை டீ குடித்த பிறகு வலிக்காரர் கட்டு மாற்றுவார். ஜன்னலோரம் அவள் நாற்காலி, எதிரே அவருக்கு ஒரு முக்காலி, நடுவில் பிளாஸ்டிக் பேசின். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரை ஊற்றி, புண்ணோடு ஒட்டிப்போன காஸ் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து உரிப்பார். கைப்பழக்கமான ஆள், அவசரம் கிடையாது.

"வலிக்குதா?" என்பார், அந்தக் குரலில்.

"இல்லங்க," என்பாள்.

பிறகு பேச ஆரம்பிப்பாள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயும் துணிகள்தான் அவளுக்கு விஷயம். "அந்தச் சட்டையப் பாருங்க. காலர தேய்ச்சிருக்கான் பாருங்க, மாடு மென்னு துப்பின மாதிரி. அந்தப் பேன்ட்டுக்கு ரெண்டு கோடு. ஒரு காலுக்கு எதுக்குடா ரெண்டு கோடு, ரயில் விடப் போறியா? ஐயோ, அந்தப் பச்சைப் புடவை, அது போன மாசம் நீலமா இருந்துச்சுங்க, சத்தியமா..." காஸ் உரிய உரியப் பேச்சு வேகமெடுக்கும். கடைசி ஓரம் பிய்ந்து வரும்போது மொட்டைமாடியில் தொங்குகிற அத்தனை பேருடைய மானமும் போயிருக்கும். கட்டு முடிந்ததும் ஓய்ந்துவிடுவாள்.

சாயங்காலம் ஆனால் என் பெண்டாட்டிக்கு நல்ல குஷி என்று வலிக்காரர் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்வதுண்டு.

அவளுடைய தங்கை மாடியில் குடியிருந்தாள். தையல் வேலை. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகியதாலோ என்னவோ, பேச்சு சுருக்கென்றுதான் இருக்கும். ஒரு நாள் கட்டு மாற்றும் நேரத்தில் கத்தரிக்கோல் கேட்டு வந்தவள், வாசற்படியில் நின்று பார்த்தாள். அக்காவின் நல்ல கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கி, நகம் வெளுத்திருந்தது.

"மாமா, அக்காவுக்கு உயிர் போகுது. நீங்க என்ன துணியா உரிக்கிறீங்க?"

"கேட்டுட்டுத்தானே செய்றேன்? வலிக்கலன்னு சொல்றா."

"சொல்றா! கண்ணக் கழட்டி ஆஸ்பத்திரிலயே வச்சிட்டு, காத மட்டும் எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"போடி வேலையப் பாத்துட்டு," என்று அக்கா சிரித்தாள். "அவருக்குத் தெரியாததா? அதுதானே அவர் பொழப்பே."

வலிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் இல்லை என்கிறது. அதற்கு மேல் கேட்க அவருடைய சட்டத்தில் இடமில்லை.

விளக்குச் சூடு பட்ட கைகளில் ஜெல் வேலை செய்கிறது என்று தெரிந்ததும், அடுத்த கட்டமாக நிஜப் புண் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்க்க முடிவானது. பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க வீட்டம்மாவுக்கு ஆறாத புண் இருக்குன்னு சொன்னீங்கல்ல? கூட்டிட்டு வாங்க. ஆனா நீங்க கிட்ட வரக் கூடாது. கேக்குறது, எழுதுறது, கட்டு மாத்துறது எல்லாம் நர்ஸ்தான். சொந்தக்காரங்க கேட்டா சரியான பதில் வராது."

"தெரியும் டாக்டரம்மா," என்றார் வலிக்காரர். சட்டம் என்றால் அவருக்கு மரியாதை உண்டு.

ஆய்வில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. கட்டு மாற்றும்போது வலி பத்தில் ஐந்துக்குக் குறையக் கூடாது. வலியே இல்லாதவருக்கு மருந்து கொடுத்து எதைக் குறைப்பது? வலிக்காரர் இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். மாடித் தங்கைக்கு எப்படியோ வாசனை எட்டிவிட்டது. "அக்கா, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அங்க போய்ச் சிரிச்சு மழுப்பாத," என்றாள்.

அந்த நாளும் வந்தது. சோதிக்கும் இடத்தைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். வலிக்காரர் உள்ளே போகவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை. திரைக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கிட்டத்தில் இருந்தால் அவளுக்குத் தைரியமாக இருக்கும் என்று நினைத்தார். திரை தரையைத் தொடவில்லை. கட்டிலில் இருந்தவளுக்கு அதன் கீழே அவருடைய பழுப்பு நிறச் செருப்பும், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் பெருவிரலும் நன்றாகத் தெரிந்தன.

வாயாடி காஸை நனைத்து உரித்தாள். உள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது: "உன் கோட்டுக்கு யாரும்மா இஸ்திரி போடறா? பாக்கெட்டு மேல மடிப்பு விழுந்திருக்கு பாரு. அடுப்புக்கரி பெட்டி வச்சுத் தேய்ச்சாக்கூட இதவிட நல்லா..."

"அக்கா, இப்ப எவ்வளவு வலிக்குது? பத்துக்கு எத்தனை?"

திரைக்கு உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"ரெண்டு."

"ரெண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

"ரெண்டுதாம்மா."

திரையை விலக்கிக்கொண்டு வந்த வாயாடி, வலிக்காரரின் முகத்தைப் பார்க்காமல் எழுதினாள். அவர் கற்றுக்கொடுத்த சட்டம். ரெண்டு என்றால் ரெண்டு. சேர்க்க முடியாது.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்து மனைவி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, வலிக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் முன்னால் நின்றார்.

"நிஜமாவே ரெண்டுதானா?"

"ஆமாங்க."

"என்னப் பாத்துச் சொல்லு."

"இப்ப நீங்க வேற ஏதோ குரல்ல கேக்குறீங்க," என்றாள் அவள். பிறகு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "உங்க செருப்பு தெரிஞ்சுது," என்றாள்.

"செருப்பு தெரிஞ்சா என்ன?"

"மொத மொதல்ல கட்டு மாத்தினீங்களே, ஞாபகம் இருக்கா? நான் கத்தினேன். ஒரே ஒரு தடவ. நீங்க அப்படியே பாதியில விட்டுட்டு எழுந்து போயிட்டீங்க. மாடிப்படில போய் உட்கார்ந்துட்டீங்க. தொங்குற துணியும் தொறந்த காலுமா நான் இங்க உட்கார்ந்திருந்தேன். தண்ணி ஆறி, துணி திரும்ப ஒட்டிக்கிச்சு. அப்புறம் வந்தீங்க. முகத்துல ரத்தமே இல்ல. கை அப்படி நடுங்குச்சு. நடுங்குற கை இன்னும் வலிக்குதுங்க. அதுலேர்ந்து இல்லன்னு சொல்லிட்டேன். கை நடுங்கல. வேலை சீக்கிரம் முடிஞ்சுது."

வலிக்காரருக்கு மாடிப்படி ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. ஊரான் வலியை எல்லாம் எழுதி வைத்த மனிதர் இதை எங்கே தொலைத்தார்?

"தவிர," என்று அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள், "காலைலேர்ந்து ஆஸ்பத்திரில ஆமா ஆமான்னு கேட்டுட்டு வரீங்க. வீட்டுலயாவது ஒரு இல்ல காதுல விழட்டுமேன்னு."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். இல்லை என்ற அந்தச் சொல்லைத் தினமும் மாலையில் டீயோடு டீயாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது ஒரு பதில் என்று நம்பினார். அவளோ அதை ஒரு போர்வைபோல் அவர்மேல் போர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். வாய் சொல்வதை நம்பு என்ற சட்டத்தில் பிழை இல்லை. அந்தச் சட்டம் அந்நியர்களுக்கானது. லாரி ஓட்டுநருக்கு வலிக்காரர் யாரோ. அவள் இவருக்காகவே பேசுகிறவள். யாருக்காகப் பேசுகிறார்கள் என்று பார்க்காமல் வாயை மட்டும் கேட்பது, கடிதத்தின் முகவரியைப் படிக்காமல் உள்ளே இருப்பதைப் படிப்பது மாதிரி.

"மறுபடி கூப்பிடச் சொல்றேன்," என்றார். "நான் அந்தக் கட்டடத்துலயே இருக்க மாட்டேன்."

பெரிய டாக்டர் இன்னொரு முறை கேட்கச் சம்மதித்தார். முதல் தடவை சொந்தக்காரர் அருகில் இருந்ததே முறையில்லை என்று வலிக்காரரைக் கடிந்துகொண்டுதான் சம்மதித்தார். அந்த நாள் வலிக்காரரை எதிர்க் கட்டடத்துக்கு, பழைய விளக்குகளைப் பெட்டியில் அடுக்க அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரே பெட்டியை மூன்று தடவை அடுக்கினார்.

மாலை பஸ் நிறுத்தத்தில் மனைவி கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"சேத்துக்கிட்டாங்க."

"எத்தன சொன்ன?"

"அத உங்ககிட்ட சொல்லக் கூடாதாமே. அந்தப் பொண்ணு சொல்லிச்சு. உங்க சட்டந்தானே?"

சேர்த்துக்கொண்டார்கள் என்றால் ஐந்துக்குக் குறையவில்லை என்று அர்த்தம். ஐந்தோ, எட்டோ, பத்தோ. எதுவாக இருந்தாலும் அது அவர் கைக்கு அடியில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு மாலையும், அவர் ஓரம் ஓரமாக உரிக்கும்போது, மொட்டைமாடிச் சட்டைகளுக்கும் பச்சைப் புடவைக்கும் பின்னால் இருந்திருக்கிறது. பஸ் வந்தது. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, உட்கார இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார். ஒரு நிறுத்தத்துக்குப் பிறகு அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அழுதீங்கன்னா நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கிடுவேன்," என்றாள்.

"அழல. கண்ணுல தூசி," என்றார் அவர்.

பிறகு இரண்டு குழாய்கள். முதலில் ஒன்று, சில நாள் இடைவெளி விட்டு இன்னொன்று. கட்டு மாற்றுவது ஆஸ்பத்திரியிலேயே, வாயாடி கையால். பழைய துணியை நனைத்து, அதன் ஓரம் வழியாக ஜெல்லைத் தடவிவிட்டு, அது ஊறும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்களாம். என்ன பேசினார்கள் என்று வலிக்காரர் கேட்கவில்லை. முதல் குழாய் நாட்களில் மனைவி மாலையில் களைத்து வந்து படுத்துவிடுவாள். அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தார். கேள்வியே தொழிலானவருக்குக் கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது குழாய் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வாயாடி நடைபாதையில் அவரை மடக்கினாள். "சார், எண் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அக்கா இன்னிக்குப் பேசவே இல்ல சார்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். துணிய எடுக்கும்போது வழக்கமா என் கோட்டு, அந்தத் திரை, டாக்டரம்மா புடவைன்னு எல்லாத்தையும் கிழிச்சுத் தொங்க விடுவாங்க. இன்னிக்கு சும்மா படுத்திருந்தாங்க. முடிச்சிட்டுப் பாத்தா, கண்ண மூடித் தூங்குறாங்க."

வலிக்காரர் நடைபாதையில் நின்றார். யாரோ தள்ளுவண்டியோடு வந்து, "கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே," என்று சொல்லும்வரை நின்றார். சாயங்காலம் என் பெண்டாட்டிக்கு நல்ல குஷி என்று இதே நடைபாதையில்தான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் குஷி முழுவதும் கத்தலாக இருந்திருக்கிறது.

குழாய்கள் தீர்ந்ததும் ஆய்வு முடிந்தது. எதில் மருந்து இருந்தது என்று திறந்து பார்க்க, கடைசி ஆள்வரை முடிய வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஜெல் கிடையாது. ஜன்னலோர நாற்காலிக்கும் பேசினுக்கும் முக்காலிக்கும் திரும்பியாக வேண்டும்.

முதல் மாலை, வலிக்காரர் தண்ணீரை ஊற்றி, காஸின் ஓரத்தைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நிஜத்தச் சொல்றதா இருந்தாத்தான் தொடுவேன்," என்றார்.

"எழுந்து போயிடுவீங்க."

"போகல."

"கை நடுங்கும்."

"நடுங்கட்டும். நடுங்கினா நிறுத்துறேன். நின்னதும் தொடருவேன். நீ சொல்லு."

உரித்தார். அவள் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள். "அந்தத் துண்டப் பாருங்க, கசங்கி..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "எட்டு," என்றாள். "எட்டுங்க. எட்டு. விடுங்க, விடுங்க, பாவி மனுஷா, விடுங்க!"

விட்டார். கை நடுங்கியது. நடுங்குகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, முக்காலியிலேயே இருந்தார். முகத்தில் ரத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. அவள் மூச்சு வாங்கினாள், அவரைத் திட்டினாள், அவருடைய அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள். மாடியிலிருந்து தங்கை ஓடிவந்து வாசலில் நின்றாள். ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி மேலே போனாள். கொஞ்ச நேரம் கழித்து மனைவி, "இப்ப எடுங்க," என்றாள். எடுத்தார். மறுபடி நிறுத்தினார். முன்பு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை, அன்றைக்கு விளக்குப் போடும் நேரம்வரை இழுத்தது. கட்டை முடித்தபோது இருவருக்கும் வியர்த்திருந்தது.

அதற்குப் பிறகு அந்த மாதங்கள் நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. வலி குறையவில்லை; உண்மையைச் சொல்வதால் வலி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. சில நாள் அவளுக்கு நிஜத்தைச் சொல்லக்கூட அலுத்துவிடும். சில நாள் அவருக்கு. ஒரே ஒரு மாற்றம்தான். காஸ் ஒட்டாமல் இருக்க என்ன செய்யலாம், எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம், எந்த ஓரத்திலிருந்து எடுத்தால் தேவலை என்று இருவரும் சேர்ந்து யோசிக்க ஆரம்பித்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்ட வலிக்கு முன்பு யார் யோசித்தார்கள்?

குழாய்களின் குறியெண்களைத் திறந்த நாள் பெரிய டாக்டர் வலிக்காரரைக் கூப்பிட்டார். வழக்கம்போலக் கண்ணாடி. அவளுடைய இரண்டாவது குழாயில்தான் மருந்து இருந்தது. மருந்து எல்லோருக்கும் கேட்கவில்லை. சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கடைக்கு வர இன்னும் வருடங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். "ஆனா இவங்களுக்குக் கேக்குதுன்னு தெரிஞ்ச பிறகு சும்மா இருக்க முடியாதில்லையா? நம்ம ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவுல சின்ன டப்பால கலந்து தரச் சொல்லியிருக்கேன். அளவு தாண்டக் கூடாது. புண் ஆறாது, வலி மட்டும்தான். அதையும் சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "ஒரு வாசனையும் இல்லையே," என்றாள்.

மாலை, பழைய கட்டை நனைத்து, ஓரத்தில் மெல்லிய இடைவெளி கிடைத்ததும் அதன் வழியாக ஜெல்லைச் சிவந்த இடத்தில் படரவிட்டார். ஊற வேண்டும். இருவரும் காத்திருந்தார்கள். எதிர்வீட்டில் யாரோ துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் உரிக்க ஆரம்பித்தார்.

"எத்தன?"

"நாலு." ஒரு கணம் யோசித்தாள். "இல்ல, இருங்க. நாலரை."

"நாலரைன்னு ஒண்ணு கிடையாது. முழு எண்தான்."

"உங்க ஆஸ்பத்திரில கிடையாது. என் கால்ல இருக்கு."

வலிக்காரர் துணியை விட்டுவிட்டு, பேசினிலிருந்து கையளவு தண்ணீர் எடுத்து இன்னும் கொஞ்சம் நனைத்தார்.

"சரி," என்றார். "நாலரை."